மலைமேல் சொன்ன பொய்

"ஏம்மா, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு. தலை வலிக்குதா?" என்று கேட்டாள் என் பெண்.

"ஒண்ணுமில்லேடி, பிரயாண அலுப்பு" என்றேன்.

இந்தச் சின்னப் பொய்யை நம்மில் யார்தான் சொன்னதில்லை? காய்ச்சல் கொதிக்கும், அடுப்படியில் நின்று தோசை வார்த்துக்கொண்டே "ஒண்ணுமில்லே" என்போம். இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருக்கும், அதற்கும் "ஒண்ணுமில்லே"தான். குடும்பத்துக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருப்பதில் நமக்கு ஒரு பெருமை. நானும் முப்பது வருஷமாக அந்தப் பெருமையோடுதான் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். அது எத்தனை பொல்லாத பழக்கம் என்பது, பத்தாயிரம் அடி உயரத்தில் அந்தப் பொய்யைச் சொன்ன பிறகுதான் புரிந்தது.

எனக்குப் பூ என்றால் உயிர். மொட்டை மாடியில் நாற்பது தொட்டி வைத்திருக்கிறேன். டில்லியில் வேலை பார்க்கும் என் பெண் ஒரு நாள் போனில், "அம்மா, தொட்டியில பார்த்தது போதும். ஒரு மலை முழுக்கப் பூ பூத்திருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், வா" என்றாள். அப்படித்தான் ஆகஸ்டு முதல் வாரத்தில் உத்தராகண்டிலுள்ள மலர்ப் பள்ளத்தாக்குக்குக் கிளம்பினோம்.

ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட்டுக்கு ஒரு முழு நாள் மலைப்பாதை. ஜோஷிமட் ஆறாயிரத்துச் சொச்சம் அடி உயரம். நம்ம ஊட்டி, கொடைக்கானலைவிடச் சற்றுக் குறைவுதான். அங்கே இரவு தங்கிவிட்டு, மறுநாள் கோவிந்த்காட் வழியாகப் புல்னா என்ற ஊர் வரை ஜீப். அதற்கப்புறம் நடை. பத்து கிலோமீட்டர் ஏறினால் காங்கரியா. உயரம் சுமார் 3,050 மீட்டர். நம்ம தொட்டபெட்டா சிகரம்கூட 2,637 மீட்டர்தான். தென்னிந்தியாவில் எந்த மலை உச்சிக்கும் இத்தனை உயரம் கிடையாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஒரே பகலில் ஜோஷிமட்டிலிருந்து இவ்வளவு உயரம் ஏறிவிட்டோம்.

காங்கரியா சின்ன இடம். ஹேம்குண்ட் சாகிபுக்குப் போகிற சீக்கிய யாத்ரீகர்களும், பூப் பார்க்க வருகிறவர்களும் தங்கும் ஊர். பனிக்காலத்தில் ஒரு மனுஷர் இருக்கமாட்டார்களாம். அங்கே போய்ச் சேர்ந்த சாயங்காலம்தான் தலைவலி ஆரம்பித்தது. ரொட்டியைப் பார்த்தாலே பிடிக்கவில்லை.

மறுநாள் எங்களோடு சேர்த்து எட்டுப் பேரைக் கூட்டிப் போக ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்திருந்தாள் என் பெண். பக்கத்து புயுந்தார் கிராமத்துக்காரர். நாற்பது வயசிருக்கும். ராத்திரியே வந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தார். தலைவலி உண்டா? குமட்டல்? சாப்பாடு இறங்கிச்சா? தலை சுத்துதா? என் முறை வந்தது. மத்யமா பரீட்சை வரை படித்த ஹிந்தியை வைத்துக்கொண்டு கம்பீரமாக, "சப் டீக் ஹை!" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பெண் லீவு போட்டு, பணம் கட்டி, ஆசையாகக் கூட்டி வந்திருக்கிறாள். என்னால் அவள் பிரயாணம் கெடலாமா? அவ்வளவுதான் காரணம்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஊரைத் தாண்டினதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் ஹேம்குண்ட், இடது பக்கம் பள்ளத்தாக்கு. வனத்துறைச் சாவடியில் பெயர் எழுதிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். கோவேறு கழுதைக்கு அனுமதி இல்லை. உள்ளே தங்கவும் கூடாது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

வழிகாட்டியின் நடையைப் பார்த்து எனக்குச் சிரிப்பாக வந்தது. கல்யாண ஊர்வலம் போகிற மாதிரி அத்தனை மெதுவாக நடந்தார். "பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச முடியாம மூச்சு வாங்கினா, வேகமாப் போறீங்கன்னு அர்த்தம்" என்றார். எல்லாரிலும் மெதுவாக நடக்கிறவர் அவருக்கு அடுத்தபடி நடக்கவேண்டும். அவர் வேகம்தான் எல்லாருக்கும். அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

புஷ்பாவதி ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் செங்குத்தான ஏற்றம். இரண்டு பக்கமும் பூர்ஜ மரங்கள். பட்டை காகிதம் காகிதமாக உரிந்து தொங்குகிறது. அந்தக் காலத்தில் வடக்கே ஏடு எழுதியது இதில்தான். தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டுக் கையை நீட்டினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காலையில் குடித்த டீயும் பிஸ்கெட்டும் வெளியே வந்துவிட்டன. தலைக்குள் யாரோ அம்மி கொத்துகிற மாதிரி இருந்தது.

வழிகாட்டி என் எதிரில் குந்தி உட்கார்ந்தார். "மாதாஜி, தலைவலி எப்போலேர்ந்து?"

பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், "நேத்து சாயங்காலத்திலிருந்து" என்றேன்.

அவர் திட்டவில்லை. எழுப்பி நிறுத்தி, ஒரு பாதத்தின் விரல் நுனியில் இன்னொரு பாதத்தின் குதிகாலை வைத்து வைத்து, கோடு போட்ட மாதிரி பத்து அடி நடக்கச் சொன்னார். நல்லவேளை, தள்ளாடாமல் நடந்தேன். "சரி, மூளை வரைக்கும் போகலை. ஆனா இதுக்கு மேலே ஒரு அடிகூடக் கிடையாது" என்றார்.

"இன்னும் கொஞ்ச தூரம்தானே? மெதுவா வந்துடறேனே" என்று நான் கெஞ்சினேன்.

"உங்க கால் சுளுக்கினா எனக்குக் கண்ணாலே தெரியும், ஆள் வெச்சுத் தூக்கிட்டுப் போயிடுவேன். தலைக்குள்ளே நடக்கிறது எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னாத்தானே தெரியும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தன் தம்பியைத் துணைக்கு அனுப்பி எங்களைக் கீழே இறக்கிவிட்டார். மற்ற ஆறு பேரும் மேலே போனார்கள்.

இதற்கு மலை நோய் என்று பெயர். சுமார் 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம். மூவாயிரம் மீட்டரில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் எழுபது சதவிகிதம்தான். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உடம்புக்குக் கிடைக்கிற பிராணவாயு குறைகிறது. உடம்பு அதற்குப் பழக ஓரிரு நாள் வேண்டும். அவகாசம் கொடுக்காமல் ஏறினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தலைச்சுற்றல், தூக்கமின்மை எல்லாம் வரும். வயசு, பலம் எதையும் பார்த்து அது வருவதில்லை. ஓடியாடுகிற வாலிபப் பிள்ளைக்கும் வரும். அந்த நிலையில் ஏறாமல் அங்கேயே ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மறைத்துக்கொண்டு மேலே மேலே ஏறினால், மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ராத்திரி பகல் பார்க்காமல் உடனே கீழே இறக்க வேண்டும். அதுதான் முதல் மருந்து.

அறைக்கு வந்து போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். பெண் வாயே திறக்கவில்லை. வெகு நேரம் கழித்து, "ராத்திரியே சொல்லியிருக்கலாமில்லே? ஒரு நாள் தள்ளிப் போயிருப்போம். உனக்கு ஏதாவது ஆகியிருந்தா அப்பாகிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"உன் சந்தோஷம் கெடக் கூடாதுன்னுதான்..." என்று இழுத்தேன்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கும் நேத்து வீட்டுக்கு விலக்கு. புல்னாவிலிருந்தே வயித்து வலி உயிர் போச்சு. மாத்திரையைப் போட்டுக்கிட்டுத்தான் ஏறினேன்."

பதறிப் போய் எழுந்து உட்கார்ந்தேன். "ஏண்டி என்கிட்ட சொல்லலை?"

"நீ எப்போம்மா சொல்லியிருக்கே, நான் சொல்றதுக்கு?"

சகோதரிகளே, தலைவலியைவிட அந்த வார்த்தைதான் எனக்கு அதிகமாக வலித்தது. அவள் பத்தாவது படிக்கும்போது, பள்ளி ஆண்டு விழாவுக்குக் காய்ச்சலோடு போய் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். எல்லாம் தெரிந்திருக்கிறது. சமையலும் கோலமும் நாம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். இதை மட்டும் சொல்லாமலே கற்றுக்கொடுத்துவிடுகிறோம்.

மழைக்காலத்தில் மண் சரிந்து வழி அடைபடும் என்று, நல்ல வேளையாக இரண்டு நாள் உபரியாக வைத்திருந்தாள். அன்றும் மறுநாளும் ஓய்வு. வெந்நீர், குருத்வாராவில் பரிமாறிய சூடான பருப்பு, ரொட்டி, நல்ல தூக்கம். அவளுக்கு நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன்; அவள் எனக்குத் தலை பிடித்துவிட்டாள். இரண்டாம் நாள் மத்தியானம் தலைவலி இருந்த இடம் தெரியவில்லை. பசி எடுத்தது.

சாயங்காலம் வழிகாட்டி வந்து அதே கேள்விகளைக் கேட்டார். இந்தத் தடவை நான் ஒன்றையும் விடவில்லை. "தலைவலி இல்லை. குமட்டல் இல்லை. ராத்திரி இரண்டு தடவை முழிப்பு வந்தது. வலது முழங்காலில் வலி, அது நாலு வருஷமா இருக்கு" என்று ஒப்பித்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, முழங்காலுக்கென்று ஒரு தடி கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் மறுபடி அதே பாதை. இம்முறை நாங்கள் மூன்று பேர்தான். பூர்ஜ மரக்காட்டில் நான் உட்கார்ந்த இடத்தைத் தாண்டி, இன்னும் ஏறி, ஒரு திருப்பத்தில் திரும்பினால்... அடேயப்பா! இரண்டு பக்கமும் மேகம் தொட்ட மலைகள், நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் பூ. ஐந்நூறுக்கு மேற்பட்ட பூச்செடி வகைகள் உண்டு என்கிறார்கள். ஆள் உயரத்துக்கு ரோஸ் நிறத்தில் நிற்பது நம் வீட்டுக் காசித்தும்பையின் சொந்தக்காரி. பாறை இடுக்கில், உடம்பெல்லாம் முள்ளோடு, பட்டுத்துணி மாதிரி இதழ் விரித்த நீலப் பூ நம் கசகசாச் செடியின் ஒன்றுவிட்ட தங்கை. தரையோடு படர்ந்த ஒரு பொடிச் செடியை மிதித்துவிட்டேன். கம்மென்று ஓம வாசனை! பறிக்க மட்டும் கூடாது, தேசியப் பூங்கா. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

1931-ல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய ஃபிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயர் இந்தப் பக்கம் வந்து மயங்கிப்போய், பிறகு புத்தகமே எழுதினார். அதற்கப்புறம்தான் வெளியுலகத்துக்கு இது தெரிந்தது. 1939-ல் செடிகள் சேகரிக்க இங்கிலாந்திலிருந்து ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணி வந்தார். பூப் பறிக்கையில் பாறையில் வழுக்கி விழுந்து இங்கேயே உயிர் விட்டார். அப்போது அவருக்கு 54 வயது; ஏறக்குறைய என் வயது. அவர் சகோதரி பின்னால் வந்து நட்ட கல், பூக்களுக்கு நடுவில் இருக்கிறது. அந்தச் சமாதிக்கு முன்னால் நானும் என் பெண்ணும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பூவுக்காகக் கடல் தாண்டி வந்த பெண்ணை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. பெற்றவள் வீடு திரும்ப வேண்டுமே என்றும் தோன்றியது. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும் அதேதான் தோன்றியிருக்கும்.

நீங்களும் போக நினைத்தால், பட்டது கொண்டு சொல்கிறேன். ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். பூவுக்கு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடு வரை நல்ல காலம். ஜோஷிமட்டில் இரண்டு இரவு, காங்கரியாவில் ஒரு நாள் சும்மா இருந்துவிட்டு மேலே ஏறுங்கள். ஒரு மாதம் முன்பிருந்தே தினம் ஒரு மணி நேரம் நடந்து பழகுங்கள். நம்மில் பலருக்கு ரத்தசோகை உண்டு, அதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும், இருதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். உயரத்தில் தூக்க மாத்திரை ஆகாது. மலை நோய்க்கு முன்கூட்டிச் சாப்பிடும் மாத்திரை உண்டு. அதையும் டாக்டர் சொன்னால்தான். மழைக்கோட்டு, கம்பளி, பிடிப்புள்ள காலணி வேண்டும். புடவையை விட்டு சல்வாருக்கு மாறிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வழிகாட்டி கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வீடு திரும்பிப் பத்து நாள் இருக்கும். ஒரு சாயங்காலம் நெற்றிப் பொட்டில் விண் விண்ணென்று தெறித்தது. "என்ன, ஒரு மாதிரி இருக்கே?" என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்..." என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

"தலை வலிக்குதுங்க. இன்னிக்குக் காபி நீங்க போடுங்க."

பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். ஆனாலும் முழுசாகக் குடித்தேன்.