முத்திரை படித்தல்: மட்டக்களப்புக் கோட்டையில்

மட்டக்களப்புக் கோட்டைக்குள் நெடுங்காலம் கச்சேரி இயங்கியது. காணி, ஓய்வூதியம் என்று அலைந்தவர்கள் எத்தனையோ பேர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையை நின்று பார்த்தவர்கள் அவர்களில் கொஞ்சப் பேர்தான் இருப்பார்கள். வி எழுத்தின் இரு கைகளிலும் ஓவையும் சியையும் கோத்த முத்திரை அது. 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை, கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு 1638 மே மாதம் ஒல்லாந்தர் பிடித்தார்கள். சொந்தக்காரர் மாறியதற்கு அந்த மூன்று எழுத்துகளே உறுதிப்பத்திரம்.

மேலே ஏறினால் வாவியைப் பார்த்தபடி பீரங்கிகள். அங்கே நின்ற பெரியவர், “கிட்டப் போய்த் தடவிப் பாருங்க மகன், கண்ணுக்குப் படாதது கைக்குப் படும்” என்றார். தடவினேன். துரு செதிலாக உதிர்ந்தது. எழுத்து எதுவும் தட்டுப்படவில்லை. கம்பனிப் பீரங்கிகளில் முத்திரைக்கு மேலே இன்னோர் எழுத்தும் இருப்பதுண்டு. அது ஏ என்றால் அம்ஸ்டர்டாம் கிளையின் உடைமை. கம்பனிக்கு இப்படி ஆறு கிளைகள். உப்புக் காற்று அந்த ஓர் எழுத்தைத் தின்றுவிட்டால் பீரங்கி ஊர் பேர் இல்லாததாகிவிடுகிறது.

இதே கம்பனியின் கப்பல்கள்தான் 1609 முதல் ஜப்பானின் ஹிராடோவுக்கும், 1641 முதல் நாகசாகியின் தெஷிமாவுக்கும் போய்வந்தன. ஆயுதத்தில் பெயர் எழுதுவதை ஜப்பானியக் கொல்லர்களைப் போல நுணுக்கமாகச் செய்தவர்கள் குறைவு. வாளின் கைப்பிடியிலுள்ள மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால், உள்ளே மறைந்திருக்கும் அடிப்பகுதி வெளியே வரும். அதை நகாகோ என்பார்கள். ஒரு பக்கம் கொல்லரின் நாடும் பெயரும். மறுபக்கம், இருந்தால், ஆண்டும் மாதமும். இடுப்பில் அணியும்போது வெளிப்புறம் பார்க்கும் பக்கத்தில் பெயர் வருவது பொதுவழக்கம். வெட்டுவிளிம்பு கீழ்நோக்கத் தொங்கவிட்டார்களா, மேல்நோக்கச் செருகினார்களா என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம். யசுத்சுகு என்ற கொல்லர், தொகுகாவா இயேயசுவுக்கு வாள் அடித்தவர், கப்பலில் வந்த அந்நிய இரும்பால் செய்தது என்றே தம் வாள்களில் பொறித்தார். அது இந்திய உருக்காக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

ஆனால் பெயரை மட்டும் நம்பக் கூடாது. புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரைப் பிற்காலத்தில் வெட்டிச் சேர்த்த வாள்கள் ஏராளம். அரத்தின் கீறல் எந்தச் சாய்வில் ஓடுகிறது, துரு எவ்வளவு கறுத்திருக்கிறது, அலகின் விளிம்பில் உருக்கு எப்படி அலை பாய்கிறது என்பவையும் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். பல நூற்றாண்டுத் துரு கருமையும் மினுக்கமும் கொண்டது. அதைப் போலியாக உண்டாக்குவது கடினம். அதனால் எனக்கு எழுத்தைவிடத் துருவிலேயே நம்பிக்கை அதிகம்.

வாவிக்கு அப்பால் கிழக்கே கடல். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸை மூழ்கடித்தது அங்கேதான். கப்பலோடு முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் உடல் இன்றும் கடலடியில் கிடக்கிறது. அந்தப் போரில் ஜப்பானியர் ஏந்திய வாள்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் செய்தவை. ஆணைபெறா அதிகாரிகளின் வாள்களில் இயந்திரம் குத்திய தொடரிலக்கம் இருக்கும். நேச நாட்டுச் சிப்பாய்கள் நினைவுப்பொருளாகக் கொண்டுபோனவற்றில் இத்தகைய தொழிற்சாலை வாள்கள் ஏராளம். பழைய கொல்லரின் வாளென்று எண்ணி வாங்குபவர் முதலில் பார்க்கவேண்டியது இந்த இலக்கத்தைத்தான்.

நம் கோயில் அறையிலோ வீட்டுப் பெட்டியிலோ பழைய வாள் ஒன்று இருந்தால், அது எந்த நாட்டுடையதாக இருந்தாலும், செங்கல் தூளோ தேசிக்காய்ப் புளியோ போட்டுத் துலக்காதீர்கள். பிடிக்குள் இருக்கும் துருவைத் தொடவே வேண்டாம். இருந்தபடியே நிழற்படம் எடுத்துத் தொல்பொருள் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.