ஒரகடத்து வண்டியும் லடாக் காத்தும்

ஒரகடம் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், லாரி லாரியா புது புல்லட்டுங்க கிளம்பிப் போகும். ராயல் என்ஃபீல்டு ஆலை 2013ல இருந்து இங்க ஓடுது. லேயில வாடகைக்கு ஒரு ஹிமாலயன் எடுத்தப்போ ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. (வாடகையில ஒத்த ரூபா குறைக்கலைங்கிறது வேற விஷயம்.)

பாலைவனம்னா மணல்னுதான் நினைச்சிருந்தேன். லடாக்ல எங்க திரும்பினாலும் மொட்டை மலை. பருவ மேகமெல்லாம் இமயமலையோட தெற்குச் சரிவுலயே கொட்டித் தீர்த்துடுது. லேக்கு வருஷம் பூரா கிடைக்கிறது சுமார் 10 செ.மீ. மழை. 2015 டிசம்பர் வெள்ளத்துல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. கொட்டிச்சு! வெயில்ல நின்னா முகம் எரியுது, நாலடி தள்ளி நிழலுக்குப் போனா ஸ்வெட்டர் தேடுது. ஈரமில்லாத, மெலிஞ்ச காத்துல சூடு தங்காது.

அந்த மெலிஞ்ச காத்துதான் வில்லன். லே 3,500 மீட்டர். ஊர்ல இருந்து கொண்டு போன சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பி நின்னுச்சு. அதைப் பார்த்து சிரிச்சோமே தவிர, நம்ம உடம்புக்கும் அதே காத்துதானேன்னு தோணலை. ரெண்டு நாள் சும்மா படுத்திருங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. லீவு கணக்குப் பார்த்து மறுநாளே கர்துங் லா கிளம்பிட்டோம். திட்டம் போட்டது நான்தான்.

உயரம் 5,359 மீட்டர். அங்கயும் காத்துல ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். ஆனா காத்தழுத்தமே பாதி. வண்டியில இருக்கிற சென்சார் அழுத்தத்தை அளந்து, அதுக்கேத்த மாதிரி பெட்ரோலைக் குறைச்சுக்கும். இழுவை குறைஞ்சாலும் நிக்காம ஏறிடுச்சு. மனுஷ உடம்புக்கு அந்தக் கணக்கைப் போட நாள் கணக்குல ஆகும்.

ரூம்மேட்டுக்கு முதல்ல தலைவலி, அப்புறம் வாந்தி. "ஒண்ணுமில்லடா மச்சி"ன்னான். கொஞ்ச நேரத்துல நடை தள்ளாடுச்சு, பேச்சு குழறுச்சு. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. கீழே போற டாக்ஸியில அவனை ஏத்திட்டு, நான் பின்னாடியே வண்டியில. 39 கிலோமீட்டர், வாழ்க்கையில இவ்ளோ நீளமான ரோட்டைப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வச்சாங்க. ராத்திரி கண்ணைத் திறந்து, "போட்டோ எடுத்தியா?"ன்னான்.

எடுக்கலை. அதுக்கு இன்னிக்கு வரைக்கும் திட்டிட்டுதான் இருக்கான்.