பாட்டியின் அடையாள அட்டையும் தோக்கியோவில் கண்ட இரயில் இஞ்சினும்

சென்ற பள்ளி விடுமுறையில் ஜப்பான் சென்று வரும் வாய்ப்புக் கிட்டியது. புறப்படுவதற்கு முன் வகுப்பில் மாணவரிடம் அதைச் சொன்னேன். எல்லாரும் புல்லட் இரயிலைப் பற்றியும் பனியைப் பற்றியும் கேட்டனர். ஒரு மாணவன் மட்டும் எழுந்து, "டீச்சர், சயாமுக்கு நம்ம ஆளுங்கள கூட்டிட்டுப் போனவங்க ஊருக்கா போறீங்க?" என்றான். வரலாற்றுப் பாடத்தில் ஜப்பானியர் ஆட்சியை நடத்தி முடித்திருந்த நேரம் அது. "ஆமாம், போய் வந்து சொல்கிறேன்" என்று மட்டுமே என்னால் கூற முடிந்தது.

அவன் வினா எனக்குப் புதிதன்று. என் பாட்டி செங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டையும் எழுந்துவிட்ட அந்நிலத்தில் அன்று நின்றவை பால்மரங்கள். பாட்டியின் தந்தை 1943இல் சயாமுக்கு இரயில் பாதை போடச் சென்றார், திரும்பவில்லை. பாட்டி மரவள்ளிக்கிழங்கைக் கையால் தொடமாட்டார். "அந்தக் காலத்துல அதத் தின்னே உசுரு வாழ்ந்தோம், போதும்மா" என்பார். அதற்கு மேல் அவர் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

ஜப்பானில் கண்ட அழகுகளுக்குக் குறைவில்லை. நாராவின் தோதாய்ஜி ஆலயத்தில் ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தரைக் கண்டேன். 752ஆம் ஆண்டு அத்திருவுருவுக்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. அதனை அறிந்தபோது உள்ளம் பூரித்தது உண்மை.

ஆனால், என்னைத் தடுத்து நிறுத்திய இடம் தோக்கியோவில் இருந்தது. யாசுகுனி ஆலயத்தை ஒட்டிய யூஷூகான் அருங்காட்சியகத்தின் முகப்புக் கூடத்தில் கரிய நீராவி இரயில் இஞ்சின் ஒன்று நிற்கின்றது. சி56 வகையைச் சேர்ந்த, 31ஆம் எண் கொண்ட இஞ்சின். 1943இல் சயாம்–பர்மா இரயில் பாதையின் திறப்பு விழாவில் ஓடியது இதுவே. போருக்குப் பின்னும் தாய்லாந்தில் உழைத்துப் பின்னர் ஓய்வு பெற்றது. முன்னாள் படைவீரர்கள் பணம் திரட்ட, 1979இல் தாய்நாடு திரும்பியது. சுற்றுலாப் பயணியர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். நானும் கைப்பேசியை எடுத்தேன். பின் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். அதில் ஈடுபடுத்தப்பட்ட நேசநாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். மாண்டவர் 12,000க்கும் மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் 80,000 முதல் 100,000 வரை என மதிப்பிடுகின்றனர். அவருள் பலர் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர். வாந்திபேதி, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பசி ஆகியவை அவர்களைக் கொன்றன. கைதிகளுக்குப் படைப் பதிவேட்டில் பெயர் இருந்தது. முகாமில் மருத்துவரும் இருந்தனர். நம்மவர்க்கு அவ்விரண்டும் பெரும்பாலும் வாய்க்கவில்லை. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் துயில்கின்றனர். நம்மவர்க்கு அத்தகைய கல்வரிசை கிடையாது. அங்கே பாலத்தின் அருகே ஜப்பானியப் படையே 1944இல் எழுப்பிய நினைவுத் தூண் ஒன்று உண்டு. அதில் தமிழிலும் பொறித்துள்ளனர். கொண்டு சென்றவர்களே நம் மொழியில் கல்வெட்டும் வைத்தார்கள் என்பதை எண்ணுந்தோறும் என்ன சொல்வதென்று எனக்குத் தெரிவதில்லை.

கியோத்தோவில் என்கோஜி என்னும் ஆலயத்திற்குச் சென்றேன். 1601இல் தொகுகாவா இயேயாசு ஒரு கல்விக்கூடமாக நிறுவியது அது. நூல் அச்சிடப் பயன்பட்ட பழைய மரவெழுத்துகளை இன்றும் பேணி வருகின்றனர். அவ்வாலயத்தில் சையது ஓமார் என்னும் ஜொகூர் இளைஞரின் கல்லறை உள்ளது. ஜப்பானிய அரசு படிக்க அழைத்துச் சென்ற மாணவருள் ஒருவர். 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளாகி, தோக்கியோ செல்லும் வழியில் நோயுற்று, செப்டம்பர் 3ஆம் நாள் கியோத்தோ மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவருக்கு அப்போது வயது 19. உறவினர் எவரும் அருகில்லாத அந்நாட்டில் அவர் கல்லறையை அவ்வூரார் காத்து வருகின்றனர்.

அங்கே நின்றபோது என் மனத்தில் இரண்டு எண்ணங்கள் ஒருசேர எழுந்தன. ஒரு மலாயா இளைஞனின் பெயரைக் கல்லில் வெட்டிக் காப்பவரும் ஜப்பானியர். என் பாட்டியின் தந்தையைக் கொண்டுபோனவரும் ஜப்பானியர். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது. சயாம் இரயில் பாதையில் படையின் மொழிபெயர்ப்பாளராக இருந்த நகாசே தகாஷி, போருக்குப் பின் நூறு தடவைக்கு மேல் காஞ்சனபுரிக்குச் சென்று வருந்தி வழிபட்டார். அங்கே அமைதி ஆலயமும் எழுப்பினார். 2011இல் மறையும்வரை அவர் அக்கடமையை விடவில்லை. அவர் மறக்கவில்லை. நாமோ?

வீடு திரும்பியதும் அம்மாவிடம் கேட்டேன். பாட்டியின் தந்தை எந்த மாதம் போனார், தோட்டத்திலிருந்து உடன் சென்றவர் யார், எந்த முகாம் என எதுவும் அம்மாவுக்குத் தெரியவில்லை. "உன் பாட்டி இருந்தப்பவே கேட்டிருக்கலாமே, இப்ப கேக்குற?" என்றார். பிறகு அலமாரியிலிருந்து பாட்டியின் பழைய அடையாள அட்டையை எடுத்து வந்தார். பாட்டியின் பெயருக்குப் பின் மகள் எனக் குறிக்கும் சுருக்கம். அதனை அடுத்து அவர் தந்தையின் பெயர். அவர் இவ்வுலகில் வாழ்ந்தார் என்பதற்கு எங்கள் வீட்டில் உள்ள ஒரே எழுத்துச் சான்று அதுதான்.

பள்ளி திறந்ததும் அம்மாணவனுக்கு விடை கூறினேன். "ஆமாம், அந்த ஊருக்குத்தான் போனேன். அங்கே நல்ல மனிதர்களைப் பார்த்தேன். அந்த இரயில் இஞ்சினையும் பார்த்தேன்" என்றேன். "அப்ப அவங்க மேல கோவம் இல்லயா டீச்சர்?" என்றான். "இன்று அங்கே வாழும் பிள்ளைகள் மீது இல்லை. என் மீது உண்டு" என்றேன். அவனுக்கு விளங்கியிராது. ஆகவே, வகுப்பினர் அனைவருக்கும் ஒரு வேலை கொடுத்தேன்: வீட்டிலுள்ள மூத்தவரிடம் அவர்தம் தந்தையின், தாத்தாவின் பெயர், வாழ்ந்த தோட்டம், சயாமுக்குச் சென்றவர் உண்டா என்பவற்றைக் கேட்டு எழுதி வருதல். சிலர் அரைப்பக்கம் எழுதி வந்தனர். சிலர் "யாருக்கும் தெரியல டீச்சர்" என்று வெறும் தாளோடு வந்தனர். வெறும் தாள்களையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே! போரைக் கண்ட தலைமுறையில் எஞ்சியிருப்போர் தொண்ணூறை நெருங்கியோ கடந்தோ இருப்பர். அத்தகையவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே அருகில் அமர்ந்து கேளுங்கள். இல்லையெனில், பழைய அடையாள அட்டைகளையும் பிறப்புப் பத்திரங்களையும் எடுத்து, அவற்றிலுள்ள தந்தை பெயர்களைப் பிள்ளைகளின் ஏட்டில் எழுதச் சொல்லுங்கள்.