காப்பி பழுக்கும் மாதங்கள்

2025 ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. நான்காம் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போன குடும்பங்கள் இன்னும் கல்வராயன் மலைக்குத் திரும்பவில்லை. மானாவாரிச் சாமை அறுத்து முடிந்தால் இங்கே கூலி வேலை அருகிவிடும். அங்கே நவம்பர் கடைசியில் பழம் சிவக்கும், அது முடிந்ததும் மிளகு. பள்ளி ஆண்டின் பின்பாதி அதிலேயே கரைந்துபோகிறது.

ஜனவரி 22, புதன்

மாலையில் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தியின் வீட்டுக்குப் போனேன். ஆயா மட்டும் இருந்தார். "பெரிய புள்ள போவலன்னா சின்னவன யாரு சார் பாத்துக்குவா? அவ அம்மா பழம் உருவுவாளா, கைப்புள்ளய தூக்கிக்கிட்டு நிப்பாளா?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. 'பெற்றோரிடம் விழிப்புணர்வு இல்லை' என்று எழுதும் அறிக்கைகளைப் படித்தால் கோபம்தான் வருகிறது. அந்தத் தாய்க்கு எல்லாம் தெரியும். தம்பியைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

ஜனவரி 29, புதன்

பிள்ளைகளின் கற்றல் நிலையைக் கணக்கெடுக்கும் ஏசர் அறிக்கை நேற்று வெளியாகியிருக்கிறது. நாடு முழுவதும் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிப்பவர்கள் 23.4 சதவீதம், 2022-இல் 16.3. ஏறியிருப்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கணக்கெடுப்பு வீடு வீடாகப் போய் நடப்பது. தோட்டத்து லைன் வீட்டில் தம்பியை இடுப்பில் வைத்திருப்பவள் யார் கண்ணில் படுவாள்?

பிப்ரவரி 3, திங்கள்

சென்ற ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரத்தைப் பற்றி உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. சாலை, பஸ் என்று பேச்சு நடக்கிறது, நல்லது. 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்த மலை இது, எல்லாம் தாமதமாகத்தான் வருகிறது. பஸ் வரட்டும். அந்தப் பஸ்ஸில்தான் நவம்பரில் பிள்ளைகள் குடகுக்கு ஏறுவார்கள் என்பதையும் யாராவது பேச வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

அந்த நான்காம் வகுப்புப் பெண் வந்துவிட்டாள். 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் மேல் நிலையான மலரில் இருந்தவள், இன்று வாசிக்கச் சொன்னால் அதற்குக் கீழான மொட்டு நிலைப் பாடத்திலேயே தடுமாறுகிறாள். ஆனால் அம்மாவின் மூட்டை எடையைக் கிலோவும் கிராமும் பிசகாமல் கூட்டிக் கூலி சொல்கிறாள். பெருக்கலை அங்கிருந்தே தொடங்கினேன்.

நாங்கள் இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர் போதும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. இதே போன்ற பலவகுப்புச் சூழலுக்காகக் கொலம்பியாவில் 1970-களில் எழுந்த 'எஸ்குவேலா நுயேவா' பள்ளிகளில், அறுவடைக்குப் போய்த் திரும்பும் பிள்ளை விட்ட இடத்திலிருந்தே தொடரும்படி பாடக் கையேடுகள் அமைந்தன. ரிஷி வேலிப் பள்ளியிலிருந்து நமக்கு வந்த செயல்வழிக் கற்றல் அட்டைகளும் படிப்படியாக ஏறும் கற்றல் ஏணியும் அதே வழிதான். அந்த அட்டைகளைப் பீரோவிலிருந்து இறக்கித் துடைத்தேன். கிழிந்தவை போக நிறையவே தேறின.

மார்ச் 14, வெள்ளி

பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. பெற்றோர் வெளியூர் போகும் மாதங்களில் பிள்ளைகள் தங்கிப் படிக்கப் பருவகால விடுதி கேட்டு முதல் தீர்மானம். அதோடு விட மனமில்லை. 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே விதித்தது. ஆள் கூட்டிப் போகும் மேஸ்திரி மூலம் போகிறவர்களை அங்கே யார் அந்த 50-இல் சேர்க்கிறார்கள்? தம்பிக்குக் காப்பகம் கிடைத்தால்தான் அக்கா இங்கே இருப்பாள். எந்த மேஸ்திரி, எந்தத் தோட்டம், எத்தனை கைப்பிள்ளைகள் என்று அம்மாக்களிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். அந்தப் பட்டியலோடு தொழிலாளர் துறைக்கும் ஒரு மனு போகிறது. அக்டோபருக்குள் பதில் வரவில்லை என்றால் கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் கொடுப்பது என்று முடிவானது. அந்த ஆயாவும் வருகிறார்.