குலுங்கினால்தான் லாரி

ஒரு நாற்காலியை முன்னும் பின்னும் பத்து டிகிரி சாய்க்க என்ன வேண்டும்? பக்கத்து வீட்டுப் பையனைப் பின்னால் நிறுத்தி, 'ஆட்டுடா' என்றால் போதும். அதே நாற்காலி, நாம் கம்ப்யூட்டரில் ஓட்டும் வண்டி பிரேக் போட்டால் முன்னாலும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னாலும், வளைவில் பக்கவாட்டிலும் தானாகச் சாய வேண்டுமென்றால் அதற்குப் பெயர் மோஷன் சிமுலேட்டர். ரெடிமேடாக வாங்கினால் நல்ல மோட்டார் பைக் விலைக்கு மேல் ஆகிறது. அதனால் மூன்று மாதமாக நானே ஒன்று கட்டத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆபீஸில் லஞ்ச் டயத்தில் நான் படம் வரைவதைப் பார்த்து, வீடு கட்டுகிறேன் என்று வதந்தி கிளம்பி, இரண்டு பேர் சிமென்ட் ஏஜென்ட் நம்பர் கொடுத்துவிட்டார்கள்.

எனக்காக இல்லை சார். அப்பாவுக்காக.

அப்பா நாமக்கல்காரர். 31 வருஷம் நாக்பூர் லைனில் லாரி ஓட்டியவர். சர்க்கரையில் இடது பாதம் மரத்துப்போக, 'கிளட்சை மிதிச்சீங்களா இல்லையான்னு உங்களுக்கே தெரியாது, இனிமே வண்டி வேண்டாம்' என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏழு வருஷமாச்சு. குரோம்பேட்டையில் எங்கள் மாடி பால்கனியில் உட்கார்ந்து, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து வரும் சத்தத்தை வைத்தே, "தேர்டுலயே இழுக்கிறான் பாரு" என்று யாரோ ஒரு டிரைவரைத் திட்டுவார். போகப்போக அந்தத் திட்டும் குறைந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போன தீபாவளி போனஸில் செகண்ட்ஹாண்டில் ஒரு வி.ஆர். ஹெட்செட்டும், பெடலோடு ஸ்டியரிங்கும் வாங்கினேன். யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 என்று 2012-ல் செக் நாட்டுக்காரர்கள் வெளியிட்ட லாரி விளையாட்டு. கியரை ஆட்டோமேட்டிக்கில் வைத்துவிட்டால் இடது காலுக்கு வேலையே கிடையாது. ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். அப்பா ஜெர்மனியில் இறங்கினார்.

முதல் நிமிஷம்: "என்னடா கண்ணு, அத்தனை பேரும் ராங் சைடுல வர்றானுங்க?"

"அங்கெல்லாம் வலது பக்கம்தாம்ப்பா ஓட்டணும்."

இரண்டாவது நிமிஷம், லேன் மாற்றுவதற்கு முன் கண்ணாடி பார்க்கத் தலையை லேசாகத் திருப்பினார். அந்தத் திருப்பலை நான் பார்த்து ஏழு வருஷம். ஆறாவது நிமிஷம் முகமெல்லாம் வியர்த்து, "கழட்டு, கழட்டு" என்றார். கோலி சோடா ஒன்று உள்ளே போனபிறகு சொன்னார்: "வண்டி ஓடுது. ஆனா முதுகுல ஒண்ணுமே தெரியலையே."

சமாச்சாரம் இதுதான். கண் 'போகிறோம்' என்கிறது. காதுக்குள் ஜெல்லி மாதிரி ஒரு படலத்தின் மேல் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. உடம்பு முன்னே பின்னே போனால் அவை நகர்ந்து மூளைக்குத் தகவல் சொல்ல வேண்டும். இங்கே அவை நகரவே இல்லை. 'நின்றுகொண்டுதான் இருக்கிறோம்' என்கிறது காது. இரண்டு சாட்சிகள் இரண்டு விதமாகச் சொன்னால் ஜட்ஜுக்கு வருவதுதான் அந்த மயக்கம்.

நல்லவேளையாக அந்தக் காதை ஏமாற்றலாம். நாம் பின்னால் சாய்ந்திருக்கிறோமா, அல்லது வண்டி சீறிக் கிளம்பியதால் பின்னால் தள்ளப்படுகிறோமா என்று காதுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. கண் எதிரே ரோடு சமமாகத் தெரிந்தால், சாய்வை வேகம் என்றே மூளை எடுத்துக்கொள்ளும். அப்பா 68 கிலோ. சீட்டை 10 டிகிரி சாய்த்தால் கிட்டத்தட்ட 12 கிலோ பாரம் முதுகில் அழுத்தும். காலி லாரி கிளம்புவதற்கு அது தாராளம். சாய்த்த சீட்டை அடுத்த வேலைக்காகத் திரும்ப நேராக்க வேண்டுமே, அதில்தான் சூட்சுமம். நொடிக்கு 3 டிகிரிக்குள், நைஸாகத் திருப்பிவிட்டால் காதுக்குத் தெரியாதாம். ஹவுஸ் ஓனர் மெயின்டனன்ஸ் ஏற்றுகிற மாதிரி.

இந்தத் தில்லுமுல்லுக்கு வயசு அதிகம். அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் ஆர்கன் வாத்தியம் செய்பவரின் மகன் எட்வின் லிங்க், விமானம் ஓட்டப் பழக 1929-லேயே ஒரு பொம்மை விமானம் செய்தார். கீழே வைத்து ஆட்டியது அப்பா கம்பெனியின் துருத்தி, நம் ஆர்மோனியத்தில் இருப்பதன் பெரியண்ணன்! முதலில் வாங்கியவர்கள் பொருட்காட்சிக்காரர்கள்தான். 1934-ல் தபால் எடுத்துப்போன ராணுவ பைலட்டுகள் மோசமான வானிலையில் வரிசையாக விழுந்து செத்தபிறகுதான் ராணுவம் விழித்துக்கொண்டு ஆறு வாங்கியது. இன்று பெரிய விமான சிமுலேட்டர்களுக்கு ஆறு கால். நமக்கு முன்பின், பக்கவாட்டு என்று இரண்டு அசைவு போதும்.

துருத்திக்குப் பதில் கார் வைப்பர் மோட்டார். 12 வோல்ட், நல்ல இழுவை, புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும். இரண்டு வாங்கினேன். கூடவே ஒரு பழைய கார் சீட். ஞாயிற்றுக்கிழமை அதைத் தலையில் வைத்துப் படியேறியபோது என் மனைவி, "ஏங்க, மத்தவங்கெல்லாம் முழுக் காரா வாங்கிட்டு வருவாங்க" என்றாள். மோட்டார் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்ல, பழைய ரேடியோவில் வால்யூம் திருகுகிற அதே பொட்டென்ஷியோமீட்டர். கணக்குப் பார்க்க ஆர்டுயினோ போர்டு. மோட்டாருக்குக் கரன்ட் அளந்து விடும் டிரைவர் போர்டு. மூன்றும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே கடையில்.

சீட்டுக்கு நடுவில் எல்லாப் பக்கமும் சாயும்படி ஒரு மூட்டு வேண்டும். இரண்டு வாரம் இதில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா காலண்டர் தாளைத் திருப்பி ஒரு கூட்டல் குறி போட்டார். "ப்ரொப்பெல்லர் ஷாப்டுல கிராஸ் இருக்குமில்ல? அத நட்டுக்க நிக்க வச்சுப் பாரு." பார்த்தேன். இரண்டு பக்கமும் சாய்கிறது, ஆனால் சுற்றாது. வெளிநாட்டிலும் பலர் அதே யுனிவர்சல் ஜாயின்ட்டைத்தான் நிற்க வைக்கிறார்களாம். நான் அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. இருக்கிற கெத்து போதும்.

ஹெட்செட்டால் ஒரு தனிச் சிக்கல். சீட் சாய்ந்தால் தலையும் சாயும். 'இவர் குனிகிறார் போலிருக்கிறது' என்று ஹெட்செட் நினைத்துக்கொண்டு, அப்பா முகத்தை விண்ட்ஷீல்டுக்கு அருகே கொண்டுபோய்விடும். இதற்கு, சீட்டோடு ஒரு சென்சாரைக் கட்டி, அது எவ்வளவு சாய்ந்ததோ அதைத் தலைக் கணக்கிலிருந்து கழிக்கச் சொல்ல வேண்டும். மென்பொருள் இருக்கிறது.

நான் அதிகம் யோசித்தது அந்தச் சிவப்புப் பட்டனைப் பற்றித்தான். கம்ப்யூட்டர் உறைந்துபோய் மோட்டார் பைத்தியம் பிடித்து ஆடினால், மேலே உட்கார்ந்திருப்பது 31 வருஷம் குலுங்கித் தேய்ந்த முதுகு. பட்டன் கம்ப்யூட்டரிடம் 'நிறுத்தட்டுமா' என்று பர்மிஷன் கேட்கக் கூடாது. மோட்டாருக்குப் போகிற கரன்ட்டையே வெட்ட வேண்டும். 10 டிகிரிக்கு மேல் போகாமல் இரும்புத் தடுப்பு தனி. டாக்டரிடம் படத்தையே கொண்டுபோய்க் காட்டினேன். பெல்ட் கட்டாயம், ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிஷம், வலித்தால் நிறுத்தம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பஸ் கூட வருமா இதுல?" என்று கேட்டார்.

இத்தனையும் விளக்கியபிறகு அப்பா கேட்டார்: "சிக்னல்ல நிக்கறப்ப இது என்ன பண்ணும்?"

"சும்மா இருக்கும்ப்பா."

"லாரி எங்கடா சும்மா நிக்கும்? ஐடில்ல குலுங்க வேண்டாம்? எஞ்சின் ஆஃபாயிருச்சான்னு அப்பறம் எப்படித் தெரியும்?"

நியாயம்தானே. திட்டம் தலைகீழாகிவிட்டது. சாய்கிற வேலை இரண்டாம் கட்டம். முதலில் குலுக்கல். அதற்குக் கூம்பு இல்லாத ஒருவகை ஸ்பீக்கர் இருக்கிறது. சத்தம் போடாது, சீட்டுக்கு அடியில் முடுக்கினால் சீட்டையே அதிர வைக்கும். மோட்டார், வெல்டிங் எல்லாவற்றையும் விட மலிவு. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிஷத்துக்கு 600 சுற்று சுற்றினால் நொடிக்கு 30 வெடிப்பு. அந்த 30-ஐ ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தால் முடிந்தது.

போன ஞாயிறு, புதுப்பேட்டை சீட்டை ஹாலில் வைத்து, ஹெட்செட் கூட இல்லாமல் அப்பாவை உட்கார வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் இறக்கு."

29.

"இன்னும்."

28-ல் கையைத் தூக்கினார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மிணி, ஒரு டீ" என்றார், ஸ்டியரிங் இல்லாத இடத்தில் இரண்டு கையையும் வைத்தபடி.

டீ வருவதற்குள் ஹவுஸ் ஓனர் வந்துவிட்டார். கீழே அவர் வீட்டு ஃபேன் அதிர்கிறதாம். "என்ன சார், கிரைண்டர் ஓடுதா?"

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "லாரிங்க."

வாங்க வேண்டிய லிஸ்ட்டில் நாலு கனமான ரப்பர் பேட் சேர்த்திருக்கிறேன்.