சேலை பிடித்திருந்தது... பிறகு ஏன் வாங்கவில்லை?

“நம்ம சேலை யாருக்கும் பிடிக்கலை போலடி...” போனில் சித்தியின் குரல் கம்மியிருந்தது. சின்னாளப்பட்டியில் வீட்டுத் திண்ணையிலேயே சுங்குடிச் சேலை விற்றுக்கொண்டிருந்தவர், ஆறு மாதங்களுக்கு முன்புதான் ஆன்லைன் கடை திறந்திருந்தார். வந்து பார்ப்பவர்கள் நிறைய, வாங்குபவர்கள் குறைவு.

எந்தக் கட்டுரையை எத்தனை பேர் படித்தார்கள் என்று கூகுள் அனலிட்டிக்ஸில் பார்ப்பது என் அன்றாட வேலை. “நான் பார்த்துச் சொல்றேன் சித்தி” என்றேன்.

கடையின் வெப்சைட்டை வடிவமைத்த தம்பியிடம் சொல்லி, கார்ட்டில் போடுவது, முகவரி தருவது, பணம் கட்டுவது என ஒவ்வொரு படியையும் தனித்தனியாக எண்ண வைத்தோம்.

“யார் யாருன்னு தெரியுமா?”

“தெரியாது சித்தி. எத்தனை பேருன்னு மட்டும்தான் தெரியும்.”

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், 50 பேர் கார்ட்டில் போட்டிருந்தார்கள். சேலை பிடித்துத்தான் இருக்கிறது! 41 பேர் முகவரிகூடக் கொடுத்திருந்தார்கள். ஆனால், வாங்கியவர்கள் 9 பேர்தான். பத்து கார்ட்டில் ஏழு பாதியில் நிற்பது உலக சராசரி என்கிறது டென்மார்க்கின் பேமார்ட் ஆய்வு நிறுவனம். இங்கே எட்டுக்கு மேல். அதிலும், முகவரி தந்த பிறகு அப்படி என்ன நடந்தது?

அதை அனலிட்டிக்ஸ் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னார். “தங்கச்சி கடைன்னு மறந்துட்டு ஒரு சேலை வாங்கும்மா” என்று போனைக் கொடுத்தேன். 650 ரூபாய் சேலையை ஆசையாக எடுத்தார். பொறுமையாக முகவரியை டைப் செய்தார். அடுத்த பக்கம் வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டார்.

“650ன்னு சொல்லிட்டு இப்போ 740ங்கிறாளே... மனசே விட்டுப்போச்சு.”

டெலிவரி கட்டணம் 90 ரூபாய், கடைசியில்தான் எட்டிப்பார்த்திருக்கிறது.

இப்படி முழு விலையை முதலில் காட்டாமல் மறைப்பதற்கு ‘டிரிப் பிரைசிங்’ என்று பெயர். 2023 நவம்பரில் மத்திய அரசு பட்டியலிட்டுத் தடைசெய்த 13 ‘டார்க் பேட்டர்ன்’களில் இதுவும் ஒன்று. சித்தியிடம் சொன்னதும் பதறிப்போனார். “ஐயோ, நான் ஏமாத்துறேன்னு நினைச்சிருப்பாங்களா?” விற்பனை குறைந்ததைவிட அதுதான் அவருக்கு வலித்தது.

அன்றே விலையை மாற்றினோம்: ‘740 ரூபாய், டெலிவரி உட்பட.’ அடுத்த மாதம் கார்ட்டில் போட்டவர்கள் 38 ஆகக் குறைந்தார்கள். வாங்கியவர்கள் 17 பேர்!

“இன்னும 21 பேர் விட்டுட்டுப் போயிருக்காங்களே சித்தி” என்றேன்.

“இருக்கட்டும்டி, முதல் தேதி வரட்டும்” என்றார்.

தேதிவாரியாக எடுத்துப் பார்த்தேன். அந்த 17 ஆர்டரில் 11, மாதத்தின் முதல் வாரத்தில் வந்தவை. திண்ணையில் உட்கார்ந்தே சித்தி அதைத் தெரிந்துவைத்திருக்கிறார்.