பெட்டி தள்ளுது

பாலாவிச் சந்தியில் கொழும்பு வீதியை விட்டுக் கற்பிட்டிப் பக்கம் திரும்பினால் சற்றுத் தூரத்திலேயே உப்பளங்கள் வந்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த வெளியைக் கடக்கிற வாகனங்களில் உப்புப் படியாதது கிடையாது. சீமெந்துப் பவுசர்கள், நுரைச்சோலை அனல்மின் நிலையப் பக்கம் போய்வரும் ட்ரெய்லர்கள், குடாநாட்டு மரக்கறி லொறிகள், உப்பு மூட்டை சுமக்கும் உழவு இயந்திரப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் இதுதான் பாதை. இவற்றின் பிரேக் வேலைக்கென்றே பெயர் பெற்ற ஒரு கராஜில் ஒரு பகல் முழுக்க நின்று பார்த்தேன்.

அன்று வந்தது மூன்று அச்சு ட்ரெய்லர். "பெட்டி தள்ளுது நானா. கெபின் வால்வை மாத்துவோம்" என்றார் டிரைவர். மிதித்தால் முன்னால் இழுக்கும் பிரைம் மூவர் நிற்கிறது, பின்னால் வரும் பாரம் நிற்காமல் அதை முட்டித் தள்ளுகிறது. காற்றழுத்த மானி சரியாகத்தான் காட்டியது.

"வால்வு என்ன விலை தெரியுமா தம்பி? முதல்ல பின்னுக்குப் பாப்போம்" என்றார் மெக்கானிக் நானா. வீதியில் கொஞ்சத் தூரம் ஓட்டி, நாலைந்து தடவை நன்றாக மிதித்துவிட்டு வரச் சொன்னார். வண்டி திரும்பியதும் ஒவ்வொரு டிரம்மிலும் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போனார். நான்கில் தண்ணீர் பட்டதும் காய்ந்தது. கடைசி அச்சின் இரண்டும் ஈரமாகவே இருந்தன. பிரேக் பிடித்திருந்தால் அவையும் சூடேறியிருக்க வேண்டும்.

அடுத்து, கடைசி அச்சின் பிரேக் சேம்பரிலிருந்து வெளியே வரும் தண்டில் சோக்கால் ஒரு கோடு போட்டார். டிரைவர் மிதித்ததும் கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தார். அது ‘தேர்ட்டி’ சேம்பர், அதாவது காற்று அழுத்தும் பரப்பு 30 சதுர அங்குலம். 100 பிஎஸ்ஐ காற்று வந்தால் 3,000 இறாத்தல், ஏறத்தாழ 1,360 கிலோ தள்ளுவிசை. ஆனால் சாதாரண சேம்பரில் அந்தத் தண்டு 2 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. இங்கே போனது. ஷூ டிரம்மில் அழுந்துவதற்குள் தண்டின் ஓட்டம் முடிந்துவிடுகிறது, மிச்ச விசையைச் சேம்பரின் சுவரே வாங்கிக்கொள்கிறது. கெபினில் மானி பார்ப்பவருக்கு இது தெரிய வழியே இல்லை. காரணம் ஸ்லாக் அட்ஜஸ்டர்: அதைத் தண்டோடு சேர்க்கும் பின் உப்பில் துருவேறி இறுகியிருந்தது. தேய்ந்துபோன லைனருக்கு ஏற்பத் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ள வேண்டிய உறுப்பு, அசையாமல் கிடந்தது.

வேலை நடக்கும்போது நானா குவைத்தில் வேலை செய்த காலத்துக் கதை வந்தது. அங்கே அமெரிக்கப் பிக்கப்களில் ட்ரெய்லரைக் கட்டி இழுப்பார்களாம். அந்த ட்ரெய்லரின் பிரேக் காற்றில் வேலை செய்வதில்லை, டிரம்முக்குள் இருக்கும் மின்காந்தத்தில் வேலை செய்கிறது. அதற்கு மின்சாரம் அனுப்பும் கன்ட்ரோலர் டேஷ்போர்டிலேயே இருக்கும். பிரேக் வலுவில்லை என்றால் வண்டிக்காரர் அதில் எண்ணைக் கூட்டிக்கொண்டே போவார். "நான் அம்மீட்டரைத்தான் வைப்பேன்" என்றார் நானா. 12 வோல்ட்டில் ஒரு காந்தம் ஏறத்தாழ 3 அம்பியர் இழுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12 வர வேண்டும். ஏழோ எட்டோ வந்தால் அனுப்பிய மின்சாரம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் எர்த் வயர் சட்டத்தைத் தொடும் இடத்தில் துரு. சுரண்டித் துடைத்து, தடித்த வயர் ஒன்றைப் பிளக் வரைக்கும் இழுத்துவிட்டால் போதும். அம்பியர் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் ஷூவை இறுக்க வேண்டும். காற்றோ மின்சாரமோ, சக்கரத்தைத் தொட்டுப் பார்க்காமல் கெபினில் கைவைக்காத இந்த ஒழுங்கைத்தான் நான் அங்கே மிகவும் மதித்தேன்.

உழவு இயந்திரப் பெட்டிகளின் நிலைதான் கவலை தருவது. இரண்டு சக்கர உழவு இயந்திரமான லேண்ட்மாஸ்டரின் பெட்டியில் காலால் மிதிக்கும் ஒரு பெடல், அதிலிருந்து சக்கரத்துக்கு ஒரு மெல்லிய கம்பி, அவ்வளவுதான். உப்பளத்தில் ஓடும் பெட்டியில் முதலில் அறுவது அந்தக் கம்பி. அறுந்த பிறகும் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பெரிய வீதிக்கு வருகிறார்கள். நானா அதற்குத் தடித்த இரும்பில் கம்பி வளைத்துக் கொடுக்கிறார், கூலி அதிகம் கேட்பதில்லை.

அன்றைய ட்ரெய்லரின் டிரம்மைக் கழற்றியதும் கறுப்புத் தூள் கொட்டியது. உதவிக்கு நின்ற பையன் பழக்கத்தில் கம்ப்ரசர் குழாயை எடுத்தான். நானா அதை வாங்கி வைத்துவிட்டுத் தண்ணீர் வாளியை நகர்த்தினார். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் உண்டு. அதன் இழை நுரையீரலில் தங்கினால் நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஈரத்துணியால் துடைத்தால் தூள் பறக்காது. எத்தனையோ கராஜ்களில் இன்றும் காற்றடித்துத்தான் சுத்தம் செய்கிறார்கள், முகத்தில் ஒரு துணிகூட இல்லாமல். பதினெட்டு வயதுப் பையன்கள் மூச்சில் வாங்கும் இந்தத் தூளை முதலாளிமார் நினைத்தால் நாளைக்கே நிறுத்தலாம்.

புதுப் பின் போட்டு, கிரீஸ் ஏற்றி, அட்ஜஸ்டரைச் சரிசெய்த பிறகு வண்டி மறுபடி வீதிக்குப் போய் வந்தது. இந்தத் தடவை ஆறு டிரம்மிலும் தண்ணீர் காய்ந்தது. வால்வுக்கு வைத்திருந்த காசில் மற்ற இரண்டு அச்சின் பின்களையும் மாற்றச் சொன்னார் நானா. பாரம் காத்திருக்கிறது என்றார் டிரைவர். ஒரு மணி நேரம் பேசி, அந்த வேலையையும் முடித்த பிறகுதான் நானா வண்டியை விட்டார்.